நான்கு முறை கேட்ட ஒரே கேள்வி

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று ராத்திரி, மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ஒன்றே ஒன்றைத்தான் தேடினேன். பிழைப்பானா, மாட்டானா? அக்யூட் மைலாய்ட் லுக்கீமியா, சுருக்கமாக ஏ.எம்.எல்., ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் சுமார் 30 சதவீதம் என்று திரையில் வந்தது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். எண்ணைப் பார்த்தால் கை தானாகக் கழித்துப் பார்க்கும். பத்துப் பேரில் ஏழு பேர் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் படிக்காமல் போனை அணைத்துவிட்டேன். இரண்டு வரி தள்ளிப் படித்திருந்தால் அந்தக் கணக்கில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள் ஆனது.

அவனுக்கு அப்போது 36 வயது. மூன்று வாரமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றான். தொடையில் எங்கே இடித்துக்கொண்டோம் என்று தெரியாத நீலத் தழும்புகள். ஈறுதானே என்று பல் மருத்துவரிடம் போனான். அவர் வாயைப் பார்த்துவிட்டுப் பல்லைத் தொடவே இல்லை, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் லேபிலிருந்தே போன் வந்தது. வெள்ளணு தாறுமாறாக ஏறி 84,000, ஹீமோகுளோபின் விழுந்து 6.8, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் விழுந்து 19,000. அந்தப் பல் மருத்துவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த இளம் டாக்டரை நடைபாதையில் மறித்து, “எத்தனை மாசம் டாக்டர்?” என்று கேட்டேன். நடந்துகொண்டே “ஆறு மாசம்னு வெச்சுக்கங்க” என்றார். அந்த ஆறு மாதத்தை மூன்று நாள் நெஞ்சில் சுமந்தேன். நான்காம் நாள் ரத்தநோய் நிபுணர் உட்கார வைத்துப் பேசும்போதுதான், மருந்தே கொடுக்காமல் விட்டால் வாரங்கள், அதிகம் போனால் சில மாதங்கள் என்பது இந்த நோயின் இயல்பு என்று தெரிந்தது. அந்தப் பையன் எதை மனதில் வைத்துச் சொன்னாரோ. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை, நடைபாதையில் கேட்கிற கேள்வியா அது? யார் எந்த எண்ணைச் சொன்னாலும், “எந்த வயசுக்காரங்களுக்கு? என்ன வைத்தியம் கொடுத்தா?” என்று திருப்பிக் கேட்க அதற்கப்புறம்தான் பழகினேன்.

நிபுணரிடமும் அதே கேள்விதான். அவர் கோபப்படவில்லை. “இன்னைக்குக் கேட்டா எங்கிட்ட ஒரு பதில் இருக்கு. ஜீன் ரிப்போர்ட் வந்தப்புறம் கேட்டா வேற பதில். முதல் கீமோ முடிஞ்சு மஜ்ஜை டெஸ்ட் எடுத்ததும் இன்னொரு பதில். ஒவ்வொரு தடவையும் கேளுங்கம்மா, சொல்றேன்” என்றார். பிறகு பொதுவான நிலவரம் சொன்னார். ஏ.எம்.எல். பெரும்பாலும் முதியவர்களின் நோய். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுபவர்களின் நடுவயது 68ஐ ஒட்டி வரும். நான் பார்த்த 30 சதவீதத்தில், பலமான கீமோவை உடம்பு தாங்காது என்று லேசான மருந்தோடு நிறுத்தப்பட்ட 80 வயதுக்காரர்களும் அடக்கம். 60 வயதுக்குள் இருப்பவர்களில் 35 முதல் 40 சதவீதம் பேர் முழுதாகக் குணமாகிறார்கள், அதற்கு மேல் போனால் 5 முதல் 15 சதவீதம்தான். 40 என்பதும் நிம்மதி தரும் எண் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். எண் ஏறியதற்காக இல்லை, ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து விளக்கிச் சொன்னதற்காக.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது, “எத்தனாவது ஸ்டேஜ்?” இந்த நோய்க்கு ஸ்டேஜ் கிடையாது. ஓரிடத்தில் கட்டியாக உட்கார்ந்து பிறகு பரவுகிற நோய் இல்லை, முதல் நாளிலிருந்தே ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் ஓடுகிறது. ஸ்டேஜுக்குப் பதில் இங்கே பார்ப்பது மூன்று விஷயம். நோயாளியின் வயதும் உடம்பும், புற்றணுவின் மரபணுவில் உள்ள மாற்றம், முதல் கீமோவுக்கு நோய் எப்படிப் பணிகிறது என்பது. இதைப் பத்துப் பேருக்கு விளக்கி அலுத்துப்போய், கடைசியில் “ஸ்டேஜ் இல்லாத வகை” என்று சொல்லிக் கடந்துவிடுவேன்.

ரிப்போர்ட் வருவதற்கு முன் இரண்டு விஷயம் நடந்தது. சிரிஞ்சைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்த நர்ஸ் ஒருவர், அவனுக்குக் குழந்தை இல்லை என்று தெரிந்ததும், “கீமோவுக்கு முன்னாடி விந்து சேமிச்சு வைக்கிறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசினீங்களா?” என்று கேட்டார். பேசவில்லை. உயிருக்கே உத்தரவாதம் இல்லாதபோது அதைப் பற்றி யார் நினைப்பார்கள்? இந்த நோயில் கீமோவைத் தள்ளிப்போட முடியாது, கிடைப்பது ஒரு நாள் அவகாசம். அந்த ஒரு நாளில் முடித்தோம். தம்பியும் அவன் மனைவியும் இன்றும் அந்த நர்ஸை நினைத்துக்கொள்வார்கள். பெண்களுக்கு இது இன்னும் சிக்கல், கருமுட்டை எடுக்கப் பல நாள் வேண்டும். ஆனாலும் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, தட்டணு கொடுக்க நானே கையை நீட்டிக்கொண்டு போனேன். ரத்த வங்கியில் “நோயாளிக்கு நீங்க என்ன உறவு?” என்று கேட்டு, கூடப்பிறந்தவள் என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் டோனராக வரக்கூடியவர்கள் முன்கூட்டியே ரத்தம் கொடுக்கக் கூடாதாம். நோயாளியின் உடம்பு அந்த அணுக்களுக்கு எதிராகப் பழகிவிட்டால், பிறகு மாற்றும்போது தங்காமல் போகலாம். பாசத்தில் முதலில் ஓடுவது உடன்பிறப்புகள்தான், அவர்கள்தான் நிற்க வேண்டும். அவன் அலுவலக நண்பர்கள் வரிசை கட்டி வந்தார்கள்.

ஜீன் ரிப்போர்ட் பகுதி பகுதியாக வந்தது. குரோமோசோம்கள் இயல்பாக இருந்தன. என்.பி.எம்.1 என்ற மாற்றம் இருந்தது, அது நல்ல செய்தி. கூடவே எஃப்.எல்.டி.3 என்ற இன்னொன்று, அது கெட்ட செய்தி. டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பி மூன்று கட்டம் போட்டார். இடது கட்டம் நல்ல பிரிவு, வலது கட்டம் மோசமான பிரிவு. நடுக் கட்டத்தில் புள்ளி வைத்து, “உங்க தம்பி இங்க” என்றார். எஃப்.எல்.டி.3க்கு எதிரான மிடோஸ்டாரின் என்ற மாத்திரை 2017லிருந்து இருக்கிறது, அதைக் கீமோவோடு சேர்ப்போம் என்றார். பத்து வருடம் முன்னால் இதே ரிப்போர்ட்டுக்கு வேறு பதில் சொல்லியிருப்பாராம். போனில் பார்த்த சதவீதங்களில் பல, இந்த மாத்திரை வருவதற்கு முன் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுடையது என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடக் கணக்கு என்றாலே குறைந்தது ஐந்து வருடப் பழைய வைத்தியத்தின் கணக்குத்தானே!

ஒரே வார்டில் ‘லுக்கீமியா’ என்ற ஒரே பெயரின் கீழ் எத்தனை நோய்கள் படுத்திருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எதிர்ப் படுக்கைப் பெண்ணுக்கு ஏ.பி.எல்., அது ஏ.எம்.எல்.லிலேயே ஒரு தனி வகை. அதில் முதல் சில வாரங்களில் ரத்தக் கசிவால் உயிர் போகும் அபாயம் அதிகம். அதைத் தாண்டினால் எல்லா அக்யூட் லுக்கீமியாவிலும் அதுதான் நன்றாகக் குணமாவது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரையும் ஆர்செனிக்கும்தான் மருந்து. ஆமாம், பாஷாணமேதான். சந்தேகம் வந்த அன்றே, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைகள் பிரிவில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏ.எல்.எல். என்ற வேறு வகை. 1960களில் பத்தில் ஒரு குழந்தை பிழைத்த நோய், இன்று நல்ல வைத்தியம் கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. அதே ஏ.எல்.எல். பெரியவர்களுக்கு வந்தால் கதை அவ்வளவு சுலபம் இல்லை. அதனால் “எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதுதான் வந்துச்சு, சரியாப் போச்சு” என்று யாராவது சொன்னால், எந்த இது என்று கேட்க வேண்டும். “போயிட்டான்” என்று சொன்னாலும் அதே கேள்விதான்.

முதல் கீமோவின் திட்டத்துக்கு ‘ஏழும் மூன்றும்’ என்று பெயர். ஏழு நாள் இரவு பகலாக சைட்டராபின், அதில் முதல் மூன்று நாள் டானோரூபிசினும் சேர்ந்து. 1973லிருந்து அடிப்படை இதுதான், நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. டானோரூபிசின் சிவப்பாக இருக்கும், சிறுநீரும் சிவப்பாகப் போகும். சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் என்று பயந்துபோவோம்.

கீமோ ஏழு நாள்தான், அதற்குப் பின் வரும் மூன்று வாரம்தான் கண்டம். புற்றணுவோடு நல்ல அணுவும் அழிந்து கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தரையில் கிடக்கும். பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன் இருந்தான், 24 வயது. அவனுடைய மரபணு ரிப்போர்ட் இடது கட்டத்தில், நல்ல பிரிவில். என் தம்பியின் ரிப்போர்ட்டை அவன் அம்மாவிடம் காட்டும்போது எனக்குள் ஒரு சின்னப் பொறாமை இருந்தது, இப்போது எழுதக் கூசுகிறது. கீமோ தொடங்கிப் பதினேழாம் நாள் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து இரண்டே நாளில் போய்விட்டான். புற்றுநோய் அவனைக் கொல்லவில்லை. நல்ல பிரிவு, கெட்ட பிரிவு என்பதெல்லாம் நோய் திரும்புமா என்பதைப் பற்றிய பேச்சு. அதுவரை உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பது அந்தக் கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது தெர்மாமீட்டரைப் பற்றித்தான். இரண்டாவது சுற்று கீமோ முடிந்து, கவுன்ட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தம்பியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு ராத்திரி இரண்டே முக்காலுக்கு உடம்பு நடுங்குகிறது என்றான். 100.8. “காலைல பார்த்துக்கலாம்க்கா” என்றான். அரை மனதாக எனக்கும் அப்படித்தான் தோன்றியது, தூக்கம் அப்படி. அந்தப் பையன் ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டோம். கவுன்ட் இல்லாதவனுக்கு 100.4க்கு மேல் போனாலே அவசர சிகிச்சை, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து இறக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது, காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. கேஷுவல்டியில் எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். பார்ப்பதற்கு நோயாளி மாதிரியே இல்லையே அவன்! அவன் சட்டைப்பையில் நான் எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினேன்: “அக்யூட் லுக்கீமியா. கீமோ முடிந்து 10 நாள். நியூட்ரோஃபில் 100. காய்ச்சல்.” நியூட்ரோஃபில் என்பது கிருமியோடு சண்டை போடும் வெள்ளணு, 100 என்றால் கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். அட்டையைப் படித்த டாக்டரின் முகமே மாறிவிட்டது. நாற்பது நிமிடத்தில் மருந்து ஏறியது. கெஞ்சியிருந்தால் நடந்திருக்குமா தெரியாது, அந்த நான்கு வரிக்கு நடந்தது.

மூன்றாம் முறை நான் கேட்டது 28ஆம் நாள் எடுத்த மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பிறகு. முதலில் 70 சதவீதமாக இருந்த பிளாஸ்ட் என்ற முதிராத அணுக்கள் 2 சதவீதம். ஐந்துக்குக் கீழே வந்து, மற்ற அணுக்களும் தேறிவிட்டால் ரெமிஷன் என்று பெயர். வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள், நானும்தான். டாக்டர் தலையை ஆட்டினார். “மைக்ராஸ்கோப்புக்குத் தெரியலைன்னு அர்த்தம், இல்லைன்னு அர்த்தம் இல்லை.” எம்.ஆர்.டி. என்ற நுண்பரிசோதனையில் பத்தாயிரம் அணுவில் ஒன்று இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவனுக்கு அதில் இன்னும் மிச்சம் தெரிந்தது. ஜீன் ரிப்போர்ட்டின் பின்னால் போட்ட கட்டத்தைவிட இந்த ரிப்போர்ட்டுக்குத்தான் அவர் அதிக மதிப்புக் கொடுத்தார். “ரெமிஷன் வந்துருச்சு” என்று யாராவது சொன்னால், “எம்.ஆர்.டி. பார்த்தாங்களா, என்ன வந்துச்சு?” என்று கேளுங்கள்.

அடுத்த சுற்றுகளில் சைட்டராபினின் அளவு பல மடங்கு. அது கண்ணை உறுத்தும் என்பதால் சொட்டு மருந்து, சிறுமூளையைத் தொடலாம் என்பதால் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் ஒரு சோதனை. விரலால் மூக்கைத் தொடச் சொல்வார்கள், நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள், ஒரு வரி எழுதச் சொல்வார்கள். தினமும் ஒரே வரியாக இருந்தால் கையெழுத்து கோணுகிறதா என்று ஒப்பிடலாம். அவன் தேர்ந்தெடுத்த வரி: “அக்கா தூங்குறா, நான் முழிச்சிருக்கேன்.” என் கவுன்ட் நோட்டிலேயே எழுதினான். ஹீமோகுளோபின், தட்டணு, நியூட்ரோஃபில் என்று நான் கோடு போட்ட பத்திகளுக்குக் கீழே ஆறு தடவை அந்த வரி. கடைசி வரியில் ‘ழி’ கொஞ்சம் நடுங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. நர்ஸ் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “குளிர்ல எழுதியிருக்கார்” என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

நான்காம் முறை கேட்டதுதான் இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் அப்போது பதில் எங்கள் கையில் இருந்தது. மஜ்ஜை மாற்று செய்வதா, கீமோவோடு நிறுத்துவதா? கீமோ மட்டும் என்றால் நோய் திரும்புகிற வாய்ப்பு அதிகம். மாற்று செய்தால் அது கணிசமாகக் குறையும், ஆனால் நூறு பேரில் பத்திலிருந்து இருபது பேர் அந்த சிகிச்சையாலேயே போகலாம் என்றார். ஒரு தட்டில் நோய், மறு தட்டில் வைத்தியம். தம்பி ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, “ரெண்டு வருஷம் பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு இது மேல்” என்றான். அதே எண்ணைக் கேட்டு வேறொருவர் வேறு முடிவு எடுத்தாலும் அதுவும் சரிதான். வார்டில் 71 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பலமான கீமோ தாங்காது. வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் அஸாசிடிடின் ஊசியும் கொடுத்தார்கள். அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் நடு ஆயுள் 14.7 மாதம், ஊசி மட்டும் என்றால் 9.6. டாக்டர் மறைக்காமல் சொல்ல, அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். “அப்ப ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கிற வேலையை மட்டும் கையில எடுத்துக்கறேன்.” வெளியே போகும்போது மகனிடம் சொன்னார், “பாதிப் பேரு அதுக்கு மேலயும் இருக்காங்கடா, கேட்டியா?” நடு ஆயுள் என்ற சொல்லை என்னைவிட அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

எச்.எல்.ஏ. என்பது தன் அணு எது, பிறர் அணு எது என்று உடம்பு அடையாளம் காணும் குறி. கூடப்பிறந்தவர் ஒருவரோடு அது முழுதாகப் பொருந்த கால் பங்கு வாய்ப்பு. நாங்கள் இரண்டு பேர், நானும் அண்ணனும். கால் கூட்டல் கால் பாதி இல்லை, 44 சதவீதம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எனக்குப் பொருந்தியது. பெண் டோனர், ஆண் நோயாளி என்றால் புது அணுக்கள் உடம்போடு மல்லுக்கு நிற்பது சற்று அதிகம் என்று எச்சரித்தார்கள். பொருந்திய ஒரே ஆள் நான்தான், என்ன செய்ய? மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் அணுக்களை ரத்தத்துக்கு வரவழைக்க எனக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள், இடுப்பெலும்பும் முதுகும் உள்ளிருந்து விண்விண் என்று தெறித்தன. பிறகு அந்த அணுக்களைப் பிரித்தெடுக்க இரண்டு கையிலும் குழாயோடு மெஷின் பக்கத்தில் ஐந்து மணி நேரம். கடைசியில் கையடக்கப் பை ஒன்றில் தக்காளிச் சாறு நிறத்தில் கொஞ்சம். இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றிருந்தது. அவனுக்கு அது ட்ரிப்ஸ் போலவே ஏறியது, அறுவை சிகிச்சை எதுவும் இல்லை.

அவன் பட்டது தனிக் கதை. வாய்ப்புண்ணால் பதினோரு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. ஒரு வருடம் கண் வறண்டு, தோல் தடித்து, மாத்திரை மாற்றி மாற்றி ஓடியது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையெல்லாம் திரும்பப் போட வேண்டியிருந்தது. பி பாசிட்டிவாக இருந்தவனுக்கு இப்போது ஓ பாசிட்டிவ், என் குரூப். அவன் ரத்த அணுக்களில் குரோமோசோம் பார்த்தால் பெண் என்று வரும். இதைச் சொல்லிச் சொல்லியே அவனைச் சீண்டுவேன்.

அந்த மாடிப்படியில் பார்த்த பக்கத்தைப் பல மாதம் கழித்து மறுபடி திறந்து பார்த்தேன். சதவீதத்துக்குக் கீழே ஒரு வரைகோடு இருந்தது. முதல் இரண்டு வருடம் கோடு சரசரவென்று சரிகிறது, பிறகு மெல்ல நிமிர்ந்து கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் போகிறது. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள்தான். மாற்று செய்து இரண்டு வருடம் நோய் திரும்பாமல் கடந்தவர்களைத் தனியாகப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 85 சதவீதம் பேர் பத்து வருடத்தையும் தாண்டியிருந்தார்கள். முதல் நாள் சொன்ன எண் முதல் நாள் படுக்கையில் இருப்பவனுக்கு. ஒரு வருடம் கழித்து அதையே நினைத்து அழுவது, பழைய பாக்கியைப் புதுக் கணக்கிலும் எழுதுவது மாதிரி. இருந்தாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின ராத்திரி நான் தூங்கியது கிடையாது, அது வேறு விஷயம்.

இப்போது நான்கு வருடம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றிருந்த செக்கப் ஆறு மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. அவன் எங்கே கிளம்பினாலும் அட்டையையும் தெர்மாமீட்டரையும் பையில் போட்டது நான்தான். போன மாதம் அந்தப் பையைக் கொட்டித் துடைத்தபோது தெர்மாமீட்டரை அழுத்திப் பார்த்தேன், ஒளிரவில்லை. பேட்டரி எப்போது தீர்ந்ததோ, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் சிரித்தான். நான் புது பேட்டரி வாங்கிப் போட்டேன்.